எல்லாம் பத்திரமா இருக்கு

கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தது. கரகரவென்று, விட்டு விட்டு, காய்ந்த சருகை யாரோ நகத்தால் கிள்ளுவதுபோல. பழைய ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தம். எத்தனையோ வீடுகளில் கேட்டுப் பழகிய காது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் சுற்றுகிற டிஸ்க்கே கிடையாது. ஏழு மாதத்துக்கு முன்னால் அவனே அதைக் கழற்றிவிட்டு, மூச்சுக்கூட விடாத புது டிஸ்க்கை மாட்டிக் கொடுத்திருந்தான்.

"வாடா மெக்கானிக்," என்று சித்தி கதவைத் திறந்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவன் மெக்கானிக் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடங்களோடு மாரடிக்கிறவன். என்றோ ஒரு நாள் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி ஓட வைத்துத் தொலைத்தான். அன்றிலிருந்து சொந்தபந்தம், சிநேகிதர்கள், சிநேகிதனுடைய மாமனார் வரை யார் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தாலும் அவனுக்குத்தான் போன். அவனுக்கும் அது பிடித்திருந்தது. கைராசிக்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் தலைகால் புரியாது. எதை அழிக்கலாம், எதை வைக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்தான் சொல்வார்கள்: "உனக்குத் தெரியாததா? நீயே பாத்துக்கோ." நாளடைவில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான்.

சித்தப்பாவின் அறையில் மதிய வெயில் திரைச்சீலையைத் தாண்டிப் பழுப்பாக விழுந்திருந்தது. ஆள் போய் ஐந்து மாதமாகியும் மருந்து வாசனை போகவில்லை. தலையணையில், மேசை இழுப்பறையில், அவர் உட்காரும் பிரம்பு நாற்காலியின் முதுகில் எல்லாம் அது ஊறிப்போயிருந்தது. மேசைக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கியது. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்த பிறகு சித்தப்பா அதில் எழுதித்தான் பேசினார். கடைசியாக எழுதியதைச் சித்தி அழிக்கவில்லை. பலகை நிறையப் பெரிய எழுத்தில், "என் குரல் கம்ப்யூட்டர்ல இருக்கு. மெக்கானிக்கைக் கேளு."

அவன் அதைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் பத்து நாள் சித்தப்பா இந்த அறையைச் சாத்திக்கொண்டு பேசிப் பேசிப் பதிந்து வைத்தார். நாற்பத்தொரு பதிவுகள். தனக்குப் பிறகு சித்தி கேட்பதற்காக. "ஆளு இருக்கும்போது நான் எதுக்கு அதைக் கேக்கணும்?" என்று சித்தி அதன் பக்கமே போகவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில்தான் அவன் வந்து டிஸ்க்கை மாற்றினான். புது டிஸ்க்கில் இடம் குறைவு. வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு ஒரு போல்டர் பழைய டிஸ்க்கில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஏதோ பழைய படமாக இருக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மாற்றினான். திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய டிஸ்க் காயலான் கடைக்குப் போயிற்று.

சித்தப்பா போன மறுவாரம், அந்தப் பதிவுகள் எங்கே என்று சித்தி கேட்டாள். அந்த எண் போல்டர் என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கு புரண்டுவிட்டது. "பேக்கப் எடுத்து வச்சிருக்கேன் சித்தி. எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு."

அன்று இரவு ஆரம்பித்தது தொண்டை அரிப்பு. எத்தனையோ மருந்து குடித்தாகிவிட்டது; ஒன்றுமே இல்லை என்கிறார் மருத்துவர். போன வாரம் அவன் மனைவி இன்னொன்றும் சொன்னாள். "தூக்கத்துல யாரையோ 'ஏ வாலு'ன்னு கூப்பிடறீங்க. யாரு அது?" அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

கரகர. கரகர.

மவுஸை நகர்த்தினான். அம்புக்குறி சேற்றில் கால் வைத்த மாடுபோல நகர்ந்தது. டிஸ்க்கில் முக்கால்வாசி இடம் காலி. பின்னால் எந்த வேலையும் ஓடவில்லை. வைரஸ் இல்லை. ஆனாலும் திரையில் ஒரு ஜன்னல் திறக்க அரை நிமிடம்.

"எப்பலேருந்து சித்தி இப்படி?"

"எப்படி?" அவள் குனிந்து மவுஸைத் தொட்டாள். படபடவென்று நான்கு ஜன்னல்கள் திறந்து மூடின. "எனக்கு நல்லாத்தான் ஓடுது."

"மெதுவா ஓடுதுன்னு போன்ல சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்," என்றாள் சித்தி. "வேற எப்படி உன்னைப் பிடிக்கிறது? அஞ்சு மாசமா நாளைக்கு, நாளன்னைக்குன்னு ஒரே பாட்டு. வீடு பேச்சு மூச்சில்லாம கிடக்குடா. ராத்திரி முழுக்க குழாய் சொட்டறதக் கேட்டுட்டுப் படுத்திருக்கேன். கொண்டு வந்திருக்கியா?"

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது. அடித்தாலும் சரி, இந்த வாசலை மிதிக்காதே என்றாலும் சரி. மனதைத் திடப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. "தண்ணி குடுங்க சித்தி," என்றான். அவள் போனாள்.

முதலில் அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்தான். திரை கறுத்தது.

கரகர.

சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினான். பெட்டியின் மூடியைக் கழற்றிக் காதை வைத்தான். உள்ளே குளிர்ந்த தகரமும் தூசி வாசனையும்தான். அங்கே சத்தம் இல்லை. மேசையில் இல்லை. சுவரில் இல்லை. நாற்காலிக்குப் பின்னாலும் இல்லை. அவன் திரும்பிய பக்கமெல்லாம் அதே தூரத்தில் கேட்டது. கேட்கச் சகிக்காமல் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான்.

சத்தம் பெரிதாயிற்று.

கையை எடுத்தான். குறைந்தது. மறுபடி பொத்தினான். பெரிதாயிற்று.

தொண்டையில் விரலை வைத்தான். தோலுக்கு அடியில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

சித்தி தண்ணீரோடு வந்து நின்றாள். அவன் எழுந்தான். இப்போதே. இப்போதே சொல்லிவிட வேண்டும். சித்தி, நான் அதைத் தொலைச்சிட்டேன். வார்த்தைகள் வரிசையாக வாய்வரை வந்து நின்றன. வாயைத் திறந்தான்.

"ஏ வாலு," என்றது அவன் வாய்.

சித்தப்பாவின் குரல். ஆபரேஷனுக்கு முந்தைய குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற அந்தக் கட்டைக் குரல்.

"இது மொதலாவது. கேக்குதா? இருமல் வந்தா கண்டுக்காத."

தம்ளர் விழுந்தது. தண்ணீர் தரையில் ஓடி அவன் பாதத்தை நனைத்தது.

"அவருதான்," என்றாள் சித்தி மெதுவாக. "அவரு மட்டுந்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாரு. அதுவும் யாரும் இல்லாதப்ப."

அவன் வாயைப் பொத்தினான். விரல்களுக்கு இடையே குரல் வந்தது. சமையலறை விளக்கை யார் அணைப்பது என்று கல்யாணமான முதல் வருடம் போட்ட சண்டையைப் பற்றி. அவன் இருமினான், அது அவன் இருமல் இல்லை. வாசலைப் பார்த்து ஓடினான். சித்தி அதற்குள் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தாள். அவனைத் தோளைப் பிடித்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே கட்டிலில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து மாதமாக இறுகிக் கிடந்த அந்த முகம் தளர்ந்தது. கன்னத்தில் கண்ணீர். உதட்டில் சிரிப்பு.

முதலாவது முடிந்தது. மூச்சு வாங்கினான். "இது ரெண்டாவது," என்றது வாய்.

தொண்டை எரிந்தது. நாக்கில் ரத்தத்தின் உப்பு.

எழுதிக் காட்டலாம். பலகையை ஆணியிலிருந்து இழுத்தான். பேனா நூலில் தொங்கியது. பலகையில் இடமில்லை. சித்தப்பாவின் எழுத்தை அழிக்கக் கை வரவில்லை. ஒருமுறை அழித்ததே போதும். கீழ் மூலையில் ஒரு விரல் அகல இடம். பொடி எழுத்தில் நெருக்கி எழுதினான். *நான் தொலைச்சிட்டேன் சித்தி. என்கிட்ட இல்ல. மன்னிச்சிடுங்க.*

அவள் முழங்காலைத் தட்டினான். கண்ணைத் திறந்தாள். படித்தாள். அவன் வாய் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது.

அவள் கட்டைவிரலை நாக்கில் நனைத்தாள். புருஷனின் எழுத்தில் ஒரு கோடுகூடக் கலையாமல், அந்த மூலையை மட்டும் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்.

"பரவாயில்லடா," என்றாள். "பத்திரமாத்தானே வச்சிருக்க."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். சித்தி அதை எடுத்து அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போய் இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, அவன் உதட்டில் பக்குவமாக வைத்துக் குடிக்க வைத்தாள். தண்ணீர் சிவப்பாகத் தம்ளருக்குள் திரும்பி வந்தது.

"நாப்பத்தொண்ணும் முடியட்டும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அப்புறம் மறுபடி மொதல்லேருந்து கேக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை, இல்லை என்று.

"இது மூணாவது, வாலு," என்றது அவன் வாய்.