இடது காலுக்கு வேலையில்லாத கார்

வாங்க கண்ணுங்களா... இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று முகமே சொல்கிறது. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். உங்களைப் போலவே அலுத்துப்போன இரண்டு பேரின் காதல் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. ராஜகுமாரன் கிடையாது. ஓடிப்பிடித்து விளையாடுகிற வயதும் இல்லை. ஆனால் மழை உண்டு... கண்கள் உண்டு... பழைய சிவப்புக் கார் ஒன்றும் உண்டு.

அவள் பஸ் ஓட்டுகிறவள். தெரு முழுக்க அவளை டிரைவரம்மா என்றே கூப்பிடும். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் 'பொண்ணு பஸ் ஓட்டுதாமே' என்று எழுந்து போனவர்கள் நிறைய. போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், அவளுக்கு உலகம் நேராகிவிடும்.

ஆனால் கொஞ்ச காலமாக இடது முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பஸ்ஸின் கிளட்ச் சும்மாவா... நெரிசலில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு, சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிடும். டெப்போவில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வண்டியை வாங்கிக்கொண்டு டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த ஒரு பயம்தான் அவளுக்கு. வேறு எதற்கும் பயப்படத் தெம்பு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. முன்னால் ஒரு சிவப்புக் கார் போய்க்கொண்டிருந்தது. தரையோடு தரையாக, முதுகு வளைந்து, மழையில் நனைந்த தவளை மாதிரி. அந்தக் காலத்து ரேஸ் கார் ஜாதி. பச்சை சிக்னல் விழுந்தது. கார் நகர்ந்தது... நகர்ந்த வேகத்தில் நடு ரோட்டில் அப்படியே குத்தி நின்றது!

அவள் பிரேக்கில் ஏறி நின்றாள். பஸ் முழுக்க 'ஐயோ'. கண்டக்டர் அண்ணன் யாரோ ஒருவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மழையோடு மழையாக இறங்கிப் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினாள்.

"யோவ்! நடு ரோட்டுல பிரேக் அடிக்கிற... எதிர்ல என்ன, யானையா வந்துச்சு?"

கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே காதோரம் நரைத்த ஒருவர், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க... நான் பிரேக் அடிக்கலைங்க. கிளட்ச் மிதிச்சேன்."

"கிளட்ச் மிதிச்சா வண்டி நிக்குமா?"

"இதுல கிளட்ச்சே இல்லைங்க."

"இல்லாததை எப்படிய்யா மிதிச்ச?"

அவர் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். "அதாங்க... பழக்க தோஷம்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பஸ் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கண்களைப் பார்த்துவிட்டாள் அல்லவா... பல காலம் தூங்காத கண்கள். தினமும் காலையில் கண்ணாடியில் அவள் பார்க்கிற அதே கண்கள்.

அவர் கார்களுக்கு சீட் தைக்கிறவர். பழைய கார்களைப் புதுசாக்கும் மச்சானுடைய பட்டறையில் வேலை. அன்று மெக்கானிக்குக் காய்ச்சல். மச்சான் தனக்கென்று வாங்கி, பெயிண்டுக்கு விட்டிருந்த வண்டியை எடுத்துவர இவரை அனுப்பிவிட்டார்கள். அந்த வண்டியில் கியர் உண்டு, கிளட்ச் மிதி கிடையாது. கியர் கம்பியில் கை பட்டாலே கிளட்ச் தானாக விட்டுக்கொடுக்கும். கையை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் இருக்க வேண்டிய பக்கம் வரைக்கும் பிரேக் மிதி அகலமாக நீண்டிருந்தது. இவருடைய இடது கால் பழக்கத்தில் அதைப் போய் மிதித்துவிட்டது.

"வீட்டுக்குப் போற வரைக்கும் அந்தக் காலைக் கட்டி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நொண்டாமல் நடக்கத்தான் பார்த்தாள். அவர் ஜன்னலில் முகத்தை வைத்து, அவள் ஏறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவர் அவளுடைய பஸ்ஸிலேயே ஏறினார். அடுத்த நாளும்... அதற்கு அடுத்த நாளும்...

"எங்க போகணும் சார்?" என்றார் கண்டக்டர்.

"கடைசி ஸ்டாப்."

"அங்க ஒண்ணும் இல்லையே, குட்டிச்சுவரும் டீக்கடையும்தான் இருக்கு."

"டீ குடிக்கத்தான்."

"அடேங்கப்பா... டீக்கு இவ்வளவு தூரமா!" கண்டக்டர் அண்ணன் அவளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அவள் கண்ணாடியை முறைத்தாள். கண்ணாடியில் அவர் இருந்தார். சட்டென்று ரோட்டைப் பார்த்தாள். காது மட்டும் சூடாக இருந்தது... சீ, இந்த வயதிலா?

கடைசி ஸ்டாப்பில் டீ டம்ளரோடு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க சீட்டு இடது பக்கம் அமுங்கிக் கிடக்குங்க. அதான் முட்டி நோவுது."

"என் முட்டியைப் பத்தி உங்ககிட்ட யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. பார்த்தேன்." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "லீவு நாள்ல அந்தக் காரை ஓட்டிப் பாக்குறீங்களா? இடது காலுக்கு வேலையே கிடையாது."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எத்தனை மணிக்கு?" என்று வந்துவிட்டது.

வீட்டில் அம்மா விடுவாளா? "ஏண்டி, லீவு நாள்லயும் வண்டி ஓட்டப் போறியா?"

"இது வேற வண்டிம்மா."

"வண்டி மட்டும் வேறயா... கூட ஆளும் உண்டா?"

"போம்மா!"

"நான் எங்கடி போறது, நீதான் போற. தலையை ஒழுங்கா வாரிக்கிட்டுப் போ."

ஊருக்கு வெளியே, ஏரியை ஒட்டிப் போகிற சாலை. மேடு ஏறும்போதுதான் வேடிக்கை. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம்... கை சும்மா இருந்தால் கியர் கம்பி மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் கையும் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், கிளட்ச் விட்டது! என்ஜின் வானத்துக்கும் பூமிக்கும் அலறியது, கார் பின்னால் உருளத் தொடங்கியது.

"கையை எடுங்க! கையை!"

"எந்தக் கையை?"

"கியர் மேல இருக்கிற கையை!"

உதறி எடுத்தாள். கார் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மேட்டைப் பிடித்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து...

"தொட்டாலே கோச்சுக்குது. நல்ல ரோஷக்கார வண்டி!"

"ஓனருங்க பல பேரு இதனாலதான் வித்துட்டுப் போயிருக்காங்க."

"அவங்களுக்குப் பொறுமை இல்லை."

பழகப் பழகப் பிடிபட்டது. ஆக்ஸிலேட்டரை விடணும், கம்பியைத் தொட்டு கியரைத் தள்ளணும், கையை எடுத்துடணும், பிறகு மெதுவாக மிதிக்கணும். இடது கால் ஓரமாக மடங்கி, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வலியில்லாமல் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். ஏரித் தண்ணீர் மேல் தூறல் விழுந்தது... கண் ஏன் கரிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த சீட்டும் நீங்க தைச்சதா?" என்றாள்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிப் போயிருந்தார்.

நல்ல ஆள்! ஊர் சுற்றக் கூப்பிட்டுவிட்டு இப்படித் தூங்குவார்களா? கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்ப வேண்டிய இடம் வந்தபோது அவள் திரும்பவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற நீளமான ரோட்டைப் பிடித்தாள். பள்ளம் மேடு பார்த்து, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டினாள்... அந்த நீளமான ரோட்டில்தான் கண்ணுங்களா, அவள் காதலில் விழுந்தாள்.

சந்தோஷம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

டெப்போ மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "முட்டி வலியோடவே ஓட்டிக்கிட்டு இருக்கீங்களாமே? ஏம்மா சொல்லலை?"

"யார் சார் சொன்னது?"

"சீட் தைக்கிறவர் ஒருத்தர் வந்தாரு. உங்க சீட்டைப் புதுசா தைச்சுத் தர்றேன், அனுமதி வேணும்னாரு. ஏன்னு கேட்டேன்... அந்தம்மா முட்டியோட படுற அவஸ்தையைப் பாக்க முடியலைன்னாரு."

டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மழைக்காலம் முடிகிற வரைக்கும் கிளட்ச்சைத் தொடக் கூடாது. மறுநாளே அவளுக்கு டிக்கெட் ஜன்னல்.

நேராகப் பட்டறைக்குப் போனாள். வாயில் ஊசியும் மடியில் தோலுமாக அவர் நிமிர்ந்தார்.

"என் வண்டியைப் பிடுங்கிட்டாங்க. இப்ப நிம்மதியா உங்களுக்கு?"

ஊசியை எடுத்துக் கீழே வைத்தார். முகம் வெளுத்துப் போயிற்று. "ஐயோ... நான் சீட்டைத்தான்..."

"உங்ககிட்ட நான் கேட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கலை. தப்புதாங்க."

"நொண்டிக் கால்காரின்னுதானே காரைக் குடுத்தீங்க? உங்க பரிதாபம் எனக்கு வேணாம்."

"பரிதாபம் இல்லைங்க..."

"பின்னே என்ன?"

அவர் வாயைத் திறந்தார்... மூடினார். தோலைக் கோக்கத் தெரிந்தவருக்கு வார்த்தையைக் கோக்கத் தெரியவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். நொண்டிக்கொண்டேதான் நடந்தாள். இனி யாரிடம் மறைக்க?

டிக்கெட் ஜன்னல் இருக்கிறதே, அதற்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன்னுடைய பஸ்ஸை வேறு யாரோ திருப்பிக்கொண்டு போவதைப் பார்ப்பாள். 'அந்தத் திருப்பத்துல கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்' என்று கை தானாக அசையும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாப்பிடவும் அலுப்பு, பேசவும் அலுப்பு.

ஒரு நாள் அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "வீக்கம் வடிஞ்சிருக்குடி. இப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தா ஒரேயடியா மடக்க முடியாமப் போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரில்ல? அந்த மனுஷன் செஞ்சது நல்லதுதான்."

"நல்லதுன்னா எங்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

"அது சரி. கேட்டிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரில் ஏரி தெரிந்தது...

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ஜன்னலில் ஒரு கை நீண்டது. விரல் முழுக்க ஊசித் தழும்பு. நிமிராமலே தெரிந்துவிட்டது.

"எங்க போகணும்?" குரலைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டாள்.

அவர் டிக்கெட் கேட்கவில்லை. ஒரு சாவியைக் கம்பிக்குள் தள்ளினார். "மச்சான்கிட்ட சொல்லிட்டேன். கால் சரியாகிற வரைக்கும் லீவு நாள்ல கார் உங்களுக்கு. நான் கூட வரமாட்டேன். நீங்க ஓட்டாம இருக்கக் கூடாதுங்க... அவ்வளவுதான்."

"அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை."

பின்னால் வரிசை நெளிந்தது.

"எங்க அம்மா ரொம்ப காலம் படுக்கையில இருந்தாங்க. ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாத்துக்கிட்டேன். அவங்க போன பிறகும் தூக்கம் திரும்பி வரலை. தங்கச்சிங்க கல்யாணம், பட்டறை... எல்லாத்துக்கும் நான்தான் முழிச்சிருக்கணும்னு ஆயிடுச்சு. அன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்தேன்... இனிமே இவங்க பாத்துக்குவாங்கன்னு தோணுச்சு. தூங்கிட்டேன். இதுக்குப் பேரு பரிதாபமாங்க?"

"இல்ல தம்பி, அதுக்குப் பேரு வேற!" என்றார் வரிசையில் நின்ற பெரியவர். "அம்மா தாயே, சீக்கிரம் ஒண்ணைச் சொல்லும்மா, எனக்கு பஸ் போயிடும்!"

அவள் சாவியைப் பார்த்தாள். தனியாக ஓட்ட அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமும் தனியாகத்தானே ஓட்டினாள்...

"எனக்கும் அசதியா இருக்குங்க" என்றாள் மெதுவாக. பஸ்ஸிலோ வீட்டிலோ யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "கோபம் இன்னும் தீரலை. இனிமே என் விஷயத்துல எதுன்னாலும் எங்கிட்டதான் முதல்ல கேக்கணும்."

"கேக்குறேன்."

"அப்ப கேளுங்க."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்கள் இரண்டும் மழை பட்ட கண்ணாடி மாதிரி... "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு ஏரியைச் சுத்தி வந்ததே நீங்க எழுந்திரிக்கக் கூடாதுன்னுதான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "கட்டிக்கிறேன். அந்த பெஞ்சுல உக்காருங்க, ஷிப்ட் முடிஞ்சு வர்றேன். ஐயா, உங்களுக்கு எங்க போகணும்?"

"எனக்கு பஸ் போயிடுச்சும்மா" என்றார் பெரியவர். "பரவாயில்ல, அடுத்ததுல போறேன்."

ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வந்தபோது தூறல் விட்டிருந்தது. பெஞ்சில் அவர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் போனதும் அவளுக்கு பஸ் திரும்பக் கிடைத்தது... ஆனால் அதற்கு முன்னாலேயே அம்மா கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டாள் என்று கேள்வி.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் உழைக்கிறவர்களின் கைகால் நோகாமல் இருக்கட்டும். அலுத்து வருகிறவருக்கு உள்ளே ஒரு குரல் 'வந்துட்டியா' என்று கேட்கட்டும். படுத்தவுடன் தூக்கம் வருகிற வீடாக உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும்.