கெர்லிங்கில் ஒருவர் அதிகம்

கெர்லிங் தோட்டத்துக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? கேள்வி ஒன்றுதான். வாசல் காவலாளி பொத்தானை அழுத்தினால் அந்தக் கேள்வி ராசா, பத்தாங் காலி, கெர்லிங் மூன்று ஊர்களிலும் உள்ள கணினிகளுக்குப் போகும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டு பதில் சொல்லட்டும் என்று மூன்றிலும் ஒரே பதிவை வைத்திருந்தார்கள். காலையிலிருந்து ராசாவும் பத்தாங் காலியும் ஒரே பட்டியலைத் தந்தன. கெர்லிங் அதே பட்டியலோடு ஒரு பெயரைக் கூடுதலாகத் தந்தது.

அப்பளசாமி. இடம்: கணினி அறை.

மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் போதும் என்றுதான் உலகம் முழுக்க வைப்பார்கள். இந்தக் கணினிகளைக் கவனிக்கும் குமுதாவின் முதலாளி சிவானந்தத்துக்கு அது போதாது. திறப்பு விழாவில் பட்டுச் சட்டையோடு மேடையேறி, "மூன்றும் ஒரே குரலில் சொன்னால்தான் பதில், இல்லாவிட்டால் பதிலே கிடையாது" என்று முழங்கிவிட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. அதனால் இன்று பதில் வர வேண்டிய இடத்தில் எல்லாம் பிழை. வாசல் திறக்காமல் லோரிகள் வரிசை கட்டி நின்றன.

"அந்த விதியை மாத்திடலாம் பாஸ், ஒரு நிமிஷ வேலை," என்று குமுதா சொல்லிப் பார்த்தாள்.

"மேடையில சொன்னதை எப்படிம்மா மாத்தறது? நீயே கெர்லிங் போய்ப் பாரு. ஆறு மணிக்குத் தோட்டத்துக்காரங்க கேட்பாங்க. அப்போ நான் உன் பேரைத்தான் சொல்லணும். தப்பா எடுத்துக்காதே லா."

ரவாங்கில் இந்தத் தொழிலில் பேர் கெட்டால் அடுத்த வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பத்தாங் காலி, ராசா என்று மழையில் ஒவ்வொரு ஊராகக் கடந்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினாள். அவர்மேல் பாதி ஆத்திரம். மீதி ஆத்திரம் அப்பளசாமிமேல்.

கெர்லிங் கணினியைப் பொருத்தியவன் அவன்தான். விழாவுக்கு முதல்நாள் வரை கணினி வந்து சேரவில்லை. ஆளுயர இரும்புப் பெட்டி மட்டும் வந்திருந்தது. "உள்ள எதையாவது வெச்சு ஓட விட்டுரு, ரிப்பன் வெட்டணும்," என்றார் சிவானந்தம். மறுநாள் கெர்லிங் பதில் சொன்னது. அப்பளசாமிதான் வேலைக்கு வரவில்லை. சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான் என்றார் முதலாளி. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளிடம்கூட.

தினமும் காலையில் அலுவலகக் கதவருகே நின்று, தோட்டத்துக் காலைப் பெரட்டில் மண்டோர் கங்காணி ஆள் கணக்கு எடுப்பதுபோல் ஒவ்வொருவர் பேரையும் இழுத்துக் கூப்பிடுவான். "குமுதாஆ." மூன்று முறைக்குள் பதில் சொல்லாவிட்டால் அன்றைக்கு ஆள் இல்லை என்று கணக்கு. "இருக்கேன்யா, உயிரை வாங்காதே," என்பாள் அவள். இந்த மென்பொருளுக்கே 'பெரட்டு' என்று பேர் வைத்தவன் அவன். விழாவில் அந்தப் பேருக்கு மாலை வாங்கிக்கொண்டவர் சிவானந்தம்.

கணினி அறை, ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை. வெள்ளையடித்து, மும்மொழிப் பலகை மாட்டியிருந்தார்கள். வெளிப்பூட்டில் துரு ஏறியிருந்தது. திறந்ததும் காய்ந்த சாமந்தி வாசனையும், அதற்கு அடியில், ரப்பர் ஒட்டுப்பால் புளித்ததுபோல் இன்னொரு வாசனையும் வந்தன. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். செம்பனை மட்டைகள் கூரையைத் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே, பெட்டிக்குள்ளிருந்து காற்றாடிச் சத்தம் வந்தது. சீராக, மெதுவாக, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து.

அவள் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கேள்வியை அனுப்பினாள். பிழை. மறுபடி. பிழை. கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, ரவாங் அலுவலகத்தில் இருந்த நித்தியாவைக் கூப்பிட்டாள்.

"இன்னும் அதே பேர்தான்கா," என்றாள் நித்தியா. "பாஸ் பின்னாடியே நின்னு மூச்சு விடறார்."

"விடட்டும். பெட்டியைத் திறந்து, அணைச்சுப் போடறேன்."

"திறங்க கா. அணைச்சாத்தான் சரியாகும்."

பெட்டியின் கதவு வெதுவெதுப்பாக இருந்தது. பிடியைத் திருப்பி இழுத்தாள்.

உள்ளே எதுவும் இல்லை.

கணினி இல்லை. காற்றாடி இல்லை. தட்டுகள்கூட இல்லை. பின்சுவர் வழியாக ஒரு கேபிள் உள்ளே வந்து, நுனி எதிலும் சேராமல் தொங்கியது. அடித்தகட்டில் புழுதி. புழுதியில் வெறுங்காலின் தடம் இரண்டு, கதவைப் பார்த்தபடி.

காற்றாடிச் சத்தம் நிற்கவில்லை.

"அக்கா? அணைச்சிட்டீங்களா?"

எதை அணைப்பது. இத்தனை மாதம் பதில் சொன்னது எது. உள்ளே எதையாவது வை என்றாரே.

"குமுதாஆ."

கைப்பேசி என்று நினைத்தாள்.

"குமுதாஆ."

கைப்பேசி இல்லை. அதே இழுப்பு. அதே கேலி. கதவருகே நின்று கூப்பிடும் அதே குரல். சிங்கப்பூர் போனவன். சொல்லாமல் போனவன். இவன் விட்டுப்போன வேலைக்கு அவள் பேர் கெடப்போகிறது.

"குமுதாஆ."

"இருக்கேன்யா," என்று சீறினாள். "எங்கய்யா போய்த் தொலைஞ்ச நீ?"

காற்றாடிச் சத்தம் நின்றது.

மடிக்கணினித் திரையில் பிழை மறைந்தது. நித்தியாவின் குரல் துள்ளியது. "போச்சுகா. மூணும் ஒண்ணாச் சொல்லுது. பாஸ் சிரிக்கிறார் லா."

"என்ன சொல்லுது?"

"அந்த ரூம்ல ரெண்டு பேர். அப்பளசாமி அண்ணன், அப்புறம் நீங்க." பின்னால் சிவானந்தத்தின் குரல் கேட்டது: "பார்த்தியா? மூணும் ஒரே குரல்." அவரே கைதட்டிக்கொண்டார்.

"நித்தியா, நான் வெளிய வரேன். என் பேரு போகுதான்னு பாரு."

கொட்டகை வாசலைத் தாண்டினாள். மழை. சேறு. பத்தடி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"போகலையே கா. மூணும் நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு சொல்லுது."

"நான் மழையில நிக்கறேன்."

"மூணும் சொல்லுதேக்கா." நித்தியா தயங்கினாள். "நீங்க பேசறது சரியாக் கேட்கலை. நீங்க யாரு?"

இணைப்பு அறுந்தது.

வாசல் காவலாளி மறுபடி பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கொட்டகைக்குள் ஆள் கணக்கு தொடங்கியது. யாரோ பேர் கூப்பிடும் சத்தம்.

"அப்பளசாமீஈ."

"இருக்கேன்."

"குமுதாஆ."

அவள் உதட்டை இறுகக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. வாயைத் திறக்கவே இல்லை.

பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல், சலிப்போடு, தினமும் சொல்வதுபோலவே சொன்னது.

"இருக்கேன்யா."