இருமாத கடிகாரம்

ஒரு தகப்பனின் இருமலுக்கு விலை நாலாயிரத்து இருநூறு. சனிக்கிழமை ஏலத்தில் மூன்று தரம் கூவி முடிந்த விலை அது. திங்கட்கிழமை மத்தியானம் பொருளை எடுக்கப் போனால், இருமலைக் காணவில்லை.

"கடிகாரம் இருக்கும்மா. இருமல்தான் இல்ல" என்றார் தையல்காரம்மா. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் நோட்டரி அம்மாவின் அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தார்.

ஆளுயரப் பெண்டுலக் கடிகாரம் அது. தையல்காரம்மாவின் அப்பா ஆசையாக வாங்கி, கையில் காசில்லாத ஒரு வருஷத்தில் விற்றுவிட்டது. மணி அடிப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு சக்கரம் 'க்ர்ர்ஹும்' என்று செருமும். அப்பாவும் வாயைத் திறப்பதற்கு முன் அப்படித்தான் செருமுவார்.

"அப்பா போய் பன்னெண்டு வருஷம். வெள்ளிக்கிழமை ஏல குடோன்ல இதைப் பார்த்தேன். மூணு அம்பதுல நின்னு போயிருந்தது. முள்ளை மெல்லத் தள்ளினேன். நாலு மணிக்கு வந்ததும் இருமிச்சு பாருங்க, அங்கேயே அழுதுட்டேன்."

"இப்ப?"

"இப்ப ஜோரா ஓடுது. மணியும் அடிக்குது, ஆனா இருமல. பெட்டி எங்களுதுதான். சின்ன வயசுல நான் கத்தரிக்கோலால கீறின கோடு அப்படியே இருக்கு. உள்ளே இருக்கிறதுதான் வேற. கேட்டா, ஏலக்காரர் 'ஆஸ் ஈஸ் வேர் ஈஸ்'னு சொல்லி வாயை அடைக்கிறாரு. அஞ்சு மணிக்குள்ள 'பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்து போடலைன்னா ஏலம் ரத்தாம். போட்டுட்டா அப்புறம் பேச்சே கிடையாதாம்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கண்டக்டருக்குக் காது நீண்டது. நோட்டரி அம்மாவின் கணவருக்குத் தம்பி அவர். பஸ்ஸுக்கு விடுமுறை என்றால் அண்ணியின் அலுவலகத்தில்தான் பொழுது போகும்.

"அவர் சொல்றது நியாயம்தானே அண்ணி? என் பொண்டாட்டி என்னையும் ஆஸ் ஈஸ் வேர் ஈஸ்னுதான் எடுத்தா. அப்புறம் தொப்பை வந்துச்சு. கேக்க முடியுமா?"

"தப்பு கொழுந்தனாரே. விலை முடிஞ்ச நேரத்துல எப்படி இருந்ததோ அப்படி, எங்க இருந்ததோ அங்க. அவ்வளவுக்குத்தான் அந்த வார்த்தை. முன்னாடியே இருந்த குறட்டைக்கு அவ வாய் திறக்க முடியாது. பின்னாடி வந்த தொப்பைக்குத் தாராளமா கேஸ் போடலாம்." நோட்டரி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

குடோன் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஏலக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மூணுதரம். எதையும் மூன்று முறை சொல்லாவிட்டால் அவருக்கே நம்பிக்கை வராது.

"டீ, டீ, டீ!" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, அவர் வந்தவர்களிடம் திரும்பினார். "சுத்தியல் விழுந்தா ஒரு பொருளையும் நான் தொட மாட்டேன். தொட மாட்டேன், தொடவே மாட்டேன். கால்களைச் சுத்தி சாக்பீஸ் கோடு போட்டுடுவேன். எடுக்கிறவங்க வர்ற வரைக்கும் அது நின்ன இடத்துலதான் நிக்கும். கோட்டைப் பாருங்க!"

கோடு உண்மையாகவே இருந்தது. கடிகாரத்தின் நான்கு கால்களும் அதற்குள்ளேயே நின்றன. பெண்டுலம் நிதானமாக ஆடியது.

"நோட்டுல இதை எப்படி எழுதியிருக்கீங்க?" என்றார் நோட்டரி அம்மா.

"ஓடாத பெண்டுலக் கடிகாரம், ஒண்ணு. ஓடாததை எடுத்தவங்களுக்கு ஓடுறது கிடைச்சிருக்கு. இதுக்கு ஒரு புகாரா?"

கண்டக்டர் குடோன் காவலாளியைத் தனியே ஓரங்கட்டினார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் அந்த ஆளை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ராத்திரியும் பகலும் சாவி உங்ககிட்டதான். உண்மையைச் சொல்லிடுங்க!"

"என்ன சார், சாவி வச்சிருந்தா திருடனா? நேத்து டிக்டிக் அண்ணன் ஒருத்தர்தான் உள்ளே வந்தாரு, எதிர்ல கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. ஏலத்துல அவர் எடுத்த உதிரிச்சாமான் பெட்டியைத் தூக்கிட்டுப் போக வந்தாரு. பல்சக்கரம், ஸ்பிரிங்னு எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆச்சு. நான் வாசலைவிட்டு நகரலை."

"இந்தக் கடிகாரத்தை அவர் கேட்கலையா?"

"நாலாயிரத்து நூறு வரைக்கும் கேட்டாரே. அதுக்கு மேல மூச்சு வாங்கிடுச்சு."

கண்டக்டர் குறிப்பெழுதப் பென்சிலை எடுத்தார். அது கைநழுவி விழுந்து, மூலையில் இருந்த தண்ணீர்த் துவாரம் வரை தானாக உருண்டு போனது. கழுவி விடுவதற்காகச் சரித்துக் கட்டிய தரை அது. பென்சிலைத் துரத்திக்கொண்டு ஓடியவர் பாதியில் நின்றார்.

"அண்ணி, இங்கே பீரோ, அலமாரி எல்லாமே நடுராத்திரி வீடு திரும்பினவன் மாதிரி சாய்ஞ்சு நிக்குது."

"எல்லாமேவா?"

"கடிகாரம் மட்டும் நேரா, சல்யூட் அடிக்கிற மாதிரி நிக்குது."

நோட்டரி அம்மா கடிகாரத்தின் பின்னால் குனிந்தார். ஒரு காலுக்கு அடியில் மெல்லிய கார்க் துண்டு செருகியிருந்தது. அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். சாக்பீஸ் கோடு கார்க்குக்கு அடியிலும் ஓடியிருந்தது. கடிகாரம் லேசாகச் சாய்ந்தது. டிக்... டிக்... பிறகு சத்தமே இல்லை.

"ஐயோ, நின்னுடுச்சே!" என்றார் தையல்காரம்மா.

"நிக்கட்டும். சாவி, எதிர்க்கடைக்காரரைக் கூட்டிட்டு வாங்க. கடிகாரம் நின்னுபோச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

கண்டக்டர் அண்ணியின் காதருகே வந்தார். "சாவி இல்லைன்னா மூணுதரம்தான். முகத்தைப் பாருங்க, வேர்த்துக் கொட்டுது."

"அது டீ சூடு."

டிக்டிக் கண்ணில் மாட்டிய லென்ஸோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கடிகாரத்தின் பின்பக்கம் போய், மண்டியிட்டு, ஒரு காலுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார்.

"இங்கே இருந்த கார்க் எங்கே? யார் எடுத்தது? சாய்ஞ்சா நிக்காம என்ன செய்யும்?"

நோட்டரி அம்மா பையைத் திறந்து கார்க்கை நீட்டினார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் எடுத்துட்டேன். அது கோட்டுக்கு மேல இருந்தது. அப்ப, சுத்தியல் விழுந்து கோடு போட்ட பிறகுதான் யாரோ வச்சிருக்காங்க. ஓடாததுன்னு வித்த கடிகாரம் இன்னிக்கு ஓடுதுன்னா, அது ஆஸ் ஈஸ் இல்ல. கெட்டுப்போனா மட்டும்தான் மாறினதுன்னு அர்த்தமா? நல்லானாலும் மாறினதுதான். ஏலக்காரர் தொட மாட்டார். சாவிக்கு இந்த வேலை தெரியாது. அப்புறம் யாரு?"

"சாய்ஞ்சு நின்னது, மனசு கேக்கலை, நிமிர்த்தி வச்சேன். அது குத்தமா?"

"நிமிர்த்தினது குத்தமில்ல. நிமிர்த்தினா இருமல் எப்படிப் போச்சு? உங்க உதிரிச்சாமான் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னாடியும் கொட்டிப் பார்ப்போமா?"

டிக்டிக் லென்ஸைக் கழற்றினார்.

"அப்படி ஒரு மிஷினை என் ஆயுசுல ரெண்டாவது தடவை பார்க்க முடியாதும்மா. நூறு ரூபா ஏத்திக் கேட்க வக்கில்லாம விட்டுட்டேன். அதைப் பெட்டியில போட்டுக்கிட்டு, பதிலுக்கு வேற வச்சேன். மட்டமானது இல்ல! என்கிட்ட இருந்ததுலயே நல்ல மிஷின்."

"அதான் மாட்டினீங்க. நின்னபடியே விட்டுட்டுப் போயிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"கடிகாரத்தை நிறுத்தி வச்சுட்டுப் போறதா?" திருட்டுக்குத் தலை குனிந்தவர் இதற்கு நிமிர்ந்துவிட்டார். "அதெப்படிம்மா என்னால முடியும்?"

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரம்மாவுக்கும்தான்.

"போலீஸ், போலீஸ், போலீஸ்!" என்றார் மூணுதரம்.

"வேண்டாங்க" என்றார் தையல்காரம்மா. "எடுத்த கையாலயே திருப்பி மாட்டட்டும். என் வீட்டுக்கு வந்து அங்கேயும் நிமிர்த்தி வச்சுக் குடுக்கட்டும். ஆனா முதல்ல என் காதுல அது விழணும்."

டிக்டிக் எதிர்க்கடைக்கு ஓடினார். பழைய மிஷின் பழைய பெட்டிக்குள் ஏறியது. கார்க் தன் இடத்துக்குப் போனது. ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருந்தபோது எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

க்ர்ர்ஹும்.

அதன் பிறகு அடித்த ஐந்தையும் யாரும் எண்ணவில்லை. அது அடித்து ஓய்வதற்குள் தையல்காரம்மா அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் கண்டக்டர் ஒரு பழைய டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கெழுதினார். குற்றவாளி என்று சொன்னது இரண்டு பேரை. சரியாகச் சொன்னது சைபர். சாவியிடம் மன்னிப்பு, ஒன்று, கேட்டாயிற்று. மூணுதரத்திடம் கேட்க வேண்டியது மூன்று, குறைத்துச் சொன்னால் அவர் நம்ப மாட்டார். கேட்டது ஒன்று. பாக்கி இரண்டு தரம்.