பிரபுவின் வாய்

படத்தில் அந்த உதடு மட்டும் காயவே இல்லை.

பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் வினிஃப்ரெட் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். யார்க்‌ஷயர் மாளிகையின் மாடியில், நீண்ட கூடத்தில் பனிக்கால மாலை சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. கணப்புப் புகையும் பழைய மெழுகும் கலந்த வாசனை, கூரைமேல் காக்கைகளின் சலசலப்பு. எதிரே, முந்நூறு வருஷத்துக்கு மேலாக மாட்டியிருந்த ஆஸ்விக் பிரபு. மன்னரின் தலைமை நீதியமைச்சர். கறுப்பு அங்கி, மடியில் அரச முத்திரைப் பை.

பழைய ஓவியத்தில் அழுக்கெடுக்க எச்சிலை மிஞ்சிய மருந்து இல்லை. பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து உருட்டித் துடைக்க வேண்டும். துடைத்ததை மறுபடி வாயில் வைக்கக் கூடாது. தொழிலின் பாலபாடமே அதுதான். காலையில் மகள் ஹெஸ்டர் ஃபோனில், "அந்தக் கிழவருக்கு எச்சி முத்தம் குடுத்தது போதும்மா, சாயங்காலம் வந்து உன்னை அள்ளிட்டுப் போறேன்" என்றாள்.

"சீ, வாயாடி!" என்று சிரித்த சிரிப்பில், பிரபுவின் உதட்டைத் துடைத்த குச்சியையே வினிஃப்ரெட் வாயில் வைத்துவிட்டாள்.

கசந்தது. எத்தனை முறை துப்பியும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் உதட்டின் மேல்பூச்சு எச்சிலுக்கே கரைந்து வந்தது. அப்படிக் கரையவே கூடாது. மூடிய வாய்க்கு அடியில் இன்னொரு வாய் இருந்தது, லேசாகத் திறந்தபடி.

தேநீர் கொண்டுவந்த காவலாளி ஹாப்டே வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடக் கடவுளே! தொறந்துட்டீங்களா?"

"ஏன், அவருக்குச் சொத்தைப் பல்லா?" நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"விளையாடாதீங்க மேடம். சாப்பிட்டுக்கிட்டே ஒரு பேரைச் சொல்வாராம். அந்த ஆளு விடிஞ்சா தூக்குல. படமா மாட்டினப்புறமும் அந்த வாய் ஓயல. யார் பேரைச் சொல்லுதோ அவங்களுக்கு அங்கேயே சாவு. அதான் பூசி மூடினாங்க."

கோப்பையை வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வினிஃப்ரெட் தேநீரை வாயில் ஊற்றினாள். நாக்கு நனையவில்லை. இன்னொரு மிடறு. வறட்சி. படத்தில் வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மேல் ஏதோ சொட்டியது.

பழுப்பு நிறத் துளி. ஆவி பறந்தது.

ஐயோ. அவள் வாயில் ஊற்றுவதை அவன் குடிக்கிறான். அப்படியென்றால் அவன் சொல்வதை?

கீழே சரளைக் கல்லில் கார் வந்து நின்றது. கதவு திறந்தது.

"அம்மா? எங்க இருக்கே?"

வராதே என்று கத்த வேண்டும். கத்தினால் வாய் திறக்கும். இரண்டு கையாலும் பொத்தினாள். கடவுளே, என் குழந்தை. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

படியில் காலடி.

பல்லைக் கடித்தாள். தாடை விலகியது. விரல்களுக்கு நடுவே வறண்ட நாக்கு புரண்டது. கனத்த, வயதான ஆண் குரல், பந்தியில் உப்பு கேட்பவனைப் போல நிதானமாகச் சொன்னது:

"ஹெஸ்டர்."

படியில் காலடி நின்றது. ஏதோ கனமாக உருண்டது, கடைசிப் படிவரை.

படத்தில் பிரபு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.