பச்சைப் பொத்தானில் குங்குமம்

துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர் ரக்ஷிதா காப்பியில் வாய் வைக்கவில்லை, அதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்று அழுதாள். ஆயுத பூஜைக்கு மறுநாள். திருப்பதியில் பாதிக் கடை திறக்கவில்லை. வந்தவள் தாட்சாயணி, சித்தூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் இயந்திரம் பார்ப்பவள்.

"ஐயாயிரம் லிட்டர் பால் கெட்டுப்போச்சு சார். நான்தான் வேணும்னு கெடுத்தேன்னு மேனேஜர் எழுதி வெச்சிக்கினு இருக்காரு. சாயந்திரம் போலீஸ் வருதாம். எங்க நைனா சோறு துன்னாம உக்காந்துகினு இருக்காரு."

"உட்காரும்மா. நடந்ததைச் சொல்" என்றார் துப்பறிவாளர் பூவராகவன்.

நேற்றுப் பன்னிரண்டு மணிக்குப் பூஜை. குளிரூட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அவளேதான் சந்தனம் பூசி, பச்சைப் பொத்தானில் குழைத்த குங்குமம் வைத்தாள். எல்லாரும் கிளம்பியபின் இரண்டு மணி வரை தனியாக இருந்து, அறையைப் பூட்டிக் காவலாளியிடம் சாவி கொடுத்தாள். அப்போது பால் நாலு டிகிரி. ஆனால் ஒன்று நாற்பதுக்கே யாரோ குளிர் அளவை இருபத்துநாலுக்கு ஏற்றிவிட்டதாகப் பெட்டியின் பதிவு சொல்கிறது. காலையில் திறந்தால் புளித்த வாடை.

"பெட்டியில் அளவை மாற்ற எதை அழுத்தணும்?"

"அந்தப் பச்சைப் பொத்தானத்தான் சார். அத அழுத்தாம மாத்தவே முடியாது."

மூவரும் சித்தூர் போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் திலீப் புகார்த் தாளை நீட்டினார். காலையில் அறையைத் திறந்ததும் எடுத்த பெட்டியின் படம் அதில் இருந்தது. "உள்ளே இவள் ஒருத்திதான் சார். இதில் துப்பறிய என்ன இருக்கு?"

ரக்ஷிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூவராகவனோ அலுங்காமல், "பூஜைப் படம் இருக்கிறதா?" என்று கேட்டார். திலீப்பின் செல்போனில் பன்னிரண்டேகாலுக்கு எடுத்தது இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தார்.

"குங்குமம் பொத்தானிலிருந்து கீழே தகட்டுக்கு வழிந்திருக்கிறது. இரண்டு படத்திலும் அதே கோடு, அதே வளைவு. விரல் பட்டிருந்தால் அழிந்திருக்கும்."

"அழுத்திட்டு மறுபடி வச்சிருந்தா?" என்றாள் ரக்ஷிதா, மனசே இல்லாமல்.

"அதே வளைவில் இன்னொரு தடவை வழியுமா? பெட்டியை யாரும் தொடவில்லை. கட்டளை வேறு வழியாக வந்திருக்கிறது." படத்தின் ஓரத்தில் பெட்டியிலிருந்து கிளம்பிய நீலக் கேபிளைக் காட்டினார். "இது எங்கே போகிறது?"

"என் கம்ப்யூட்டருக்கு. ஓனர் செல்போன்லயே டிகிரி பார்க்கணும்னார். போன மாசம் இழுத்தோம். அங்கிருந்தும் அளவை மாத்தலாம்."

"ஒன்று நாற்பதுக்கு நீங்களும் இங்கே இல்லை. அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டர் எப்போதிலிருந்து தன்னிஷ்டத்துக்கு ஆடுகிறது?"

"லேது சார், லேது..." என்று தெலுங்கில் மறுத்தவர், பிறகு ஒத்துக்கொண்டார். பத்து நாள் முன்பு விடுமுறைப் பட்டியல் என்று வந்த மெயிலைத் திறந்திருந்தார். அன்றிலிருந்து மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. "வெளியே சொன்னா வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"அடப்பாவி!" ரக்ஷிதாவின் வாயிலிருந்து வந்தேவிட்டது.

"எங்கேயோ உட்கார்ந்து உள்ளே நுழைந்தவனைப் போலீஸ் தேடட்டும்" என்றார் பூவராகவன். "அவனுக்குக் கதவு திறந்தது இந்தக் கேபிள். அது தெரிந்தே இவள் பெயரை எழுதினீர்கள்."

தாட்சாயணி நிமிர்ந்தாள். "நீங்க பயந்தா, நான் ஜெயிலுக்குப் போவணுமா சார்?"

திலீப் கேபிளைப் பிடுங்கிவிட்டு, "மத்தியானப் பால் வண்டி வந்துக்கிட்டிருக்கு. அளவை மாத்தும்மா" என்றார்.

"மொதல்ல நான் கெடுக்கலன்னு எழுதிக் குடுங்க."

எழுதினார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். குங்குமம் அப்போதுதான் அழிந்தது.