கண்ணை மூடிச் சொன்ன எழுத்துகள்

மழை விட்டுவிட்டது. சாலைப் பள்ளத்துத் தண்ணீர் மட்டும் அவளுக்காகவே காத்திருந்தது...

‘எல்’ போர்டு மாட்டிய கார் ஒன்று அதில் சளக்கென்று இறங்கி, அவளை இடுப்புவரை நனைத்துவிட்டு, இருமிக்கொண்டு நின்றது. வெள்ளைக் கோட்டு! காலையில்தான் இஸ்திரி போட்டது!

"கண்ணு தெரியலையா?"

ஓட்டிய பெண் ஸ்டியரிங்கை விடாமல் வெலவெலத்துப் போயிருந்தாள். திறந்த ஜன்னல் வழியே முகத்தில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கியவன், ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன்.

"ஸாரிங்க... அவங்களுக்கு இன்னிக்குத்தான் முதல் கிளாஸ்."

"உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குமே? அது எதுக்கு... காலை வச்சுக்கிட்டுத் தூங்கவா?"

"எல்லாத்துக்கும் நானே பிரேக் போட்டா, அவங்க எப்பங்க கத்துக்குவாங்க?"

"அதுக்கு நான் நனையணுமா?"

அவன் சிரித்துவிட்டான். அதுதான் தப்பு. நாள் முழுக்கக் கண்களைப் பார்த்தே பிழைப்பவள் அவள். ஆனாலும் ஈர இமைகளோடு சிரிக்கிற அந்தக் கண்கள்... சே! நனைந்தது அவள், சிரிப்பது அவனா?

அன்று மாலை, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பரிசோதனை அறையில், "அடுத்தவங்க வரலாம்" என்றாள். கதவைத் திறந்தது அதே சிரிப்பு.

"போச்சுடா..." என்றான். "கண்ணு தெரியலையான்னு கேட்டீங்கல்ல? அதான் நேர்லயே வந்துட்டோம்."

அவன் விரலைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். மகளாம். பள்ளியில் பார்க்கச் சொல்லி அனுப்பினார்களாம். வீட்டில் அவள் பெயர் வாலு.

வலது கண் கடகடவென்று வாசித்தது. அதை மூடிவிட்டு இடது கண்ணால் வாசிக்கச் சொன்னாள். வாலு உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் கடைசி வரி வரை சொன்னாள். அப்பனுக்கு முகமெல்லாம் பெருமை. அவள் குனிந்து பார்த்தாள்... குழந்தையின் இடது கண்ணும் இறுக மூடியிருந்தது!

எழுத்துப் பலகையை மாற்றினாள். "இப்பச் சொல்லுடா கண்ணு... கண்ணைத் திறந்து."

வாலு பலகையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"முன்னாடி ஒரு அங்கிள் சத்தமா வாசிச்சாங்க... அதைக் கேட்டேன். தப்பில்லாம சொல்லணும்னா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். கடவுள்கிட்ட அப்படித்தான் சொல்லணும்னு அம்மா சொல்லிக்குடுத்தாங்க."

"தினமும் புஸ்தகத்தை வச்சுக்கிட்டுப் பிரார்த்தனை வாசிப்பாளே!" என்றான் அவன்.

"வாசிக்கல சார். ஒப்பிச்சிருக்கா. இடது கண்ணு சோம்பிப் போச்சு. நல்ல கண்ணை மறைச்சு வச்சு இதுக்கு வேலை குடுத்தா இப்பவே சரி பண்ணலாம். தள்ளிப்போட்டா கஷ்டம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா அவள்?

"விவரம் தெரியாத குழந்தை தலையில ஒரு மதத்தைக் கட்டி, கண்ணை மூடு, வாயைத் திறன்னு பழக்கினா இதுதான் நடக்கும். பெத்தவங்கங்கிற திமிர்ல பண்ற அக்கிரமம் இது!"

அவன் முகத்தில் சிரிப்பு செத்தது. "கண்ணைக் காட்டத்தான் வந்தோம். எங்க வீட்டைக் காட்ட வரல. அவ அம்மா உயிரோட இல்ல. என் நம்பிக்கையிலயே இவளை வளர்த்திடுங்கன்னு கேட்டுட்டுப் போனா. நீங்க யாருங்க அதுல மூக்கை நுழைக்க?"

கண்ணாடிகூட வாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

போகட்டும்! அவளுக்கு மட்டும் கோபம் இல்லையா? அவளுடைய அப்பாவும் இப்படித்தான். பிரார்த்தனையில் ஒரு வரி தவறினால் முழங்கால் போடவைத்தவர். ‘எனக்கு இதுல நம்பிக்கை இல்லப்பா’ என்று அவள் சொன்ன நாளோடு பேச்சை நிறுத்தியவர். இன்றுவரை போனில் அம்மா மட்டும்தான் வருவாள்... பின்னால் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்கும்.

ஆனால் அந்தக் கண்? இவர்கள் இரண்டு பேரின் வீம்புக்கு அந்தப் பிஞ்சுக் கண் பலியாக வேண்டுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் போன் செய்தாள்.

"எம்மேல எவ்வளவு வேணா கோவிச்சுக்கோங்க. வேற கடைக்காவது போங்க. அந்தக் கண்ணை மட்டும் விட்டுடாதீங்க."

"எத்தனை மணிக்குக் கடை திறப்பீங்க?" என்றான்.

வாலுவுக்குச் சிவப்புக் கண்ணாடி வந்தது. நல்ல கண்ணை மறைக்க ஒட்டுத்துணி வந்தது. வாராவாரம் அவர்கள் வந்தார்கள். அந்த நாள்களில் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது... அதற்காகவும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

சண்டை மட்டும் ஓயவில்லை.

"நான் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவான்னு கேட்பேன். பதிலை நான் சொல்லித்தர மாட்டேன். பெத்தவங்களும் அப்படித்தான் இருக்கணும்."

"முதல்ல ஒரு கண்ணாடியைப் போட்டுவிட்டுத்தானே கேட்கறீங்க? வெறும் பிரேமை மாட்டிவிட்டு எதைத் தெளிவுன்னு சொல்லுவா அவ?"

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக அந்தக் கண்களையும் பார்த்துத் தொலைத்தாள்...

பிறகு ஒருநாள், கொட்டுகிற மழையில், கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட அவன். பின்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாலு.

"உங்களாலதான்! என் பொண்ணு எங்கூடப் பேசமாட்டேங்கறா!"

"நான் என்ன பண்ணேன்?"

"எதைச் சொன்னாலும் கண்ணைத் திறந்து சொல்லுன்னு சொன்னது யாரு?"

வாலு வெடித்தாள். "கண்ணாடி அக்கா, நேத்து நான் கண்ணைத் திறந்துட்டே பிரார்த்தனை சொன்னேன். அப்பா சும்மா வாயை அசைக்கறாங்க! சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க!"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதா? அப்ப எங்கிட்ட இத்தனை நாள் கட்சி கட்டினது?"

"சாகப்போறவளுக்குக் குடுத்த வாக்கு. அதுக்காகக் கட்டினேன்."

"என் அப்பாவாவது நம்பினதைத் திணிச்சார். நீங்க நம்பாததைத் திணிச்சிருக்கீங்க! எது மோசம்?"

அவன் வாயைத் திறக்குமுன் வாலு கேட்டாள்.

"அப்ப... நான் சொல்றது அம்மாவுக்குக் கேக்கும்னு சொன்னதும் பொய்யா?"

‘ஆமாம், பொய்தான்’ என்ற பதில் அவள் நாக்கில் வருஷக்கணக்காகத் தயாராக இருந்தது. அந்தச் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒற்றைக் கண் மலங்க மலங்கப் பார்த்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

அவன் மகள் முன்னால் மண்டியிட்டான்.

"எனக்குத் தெரியலடா. அம்மா நம்பினாங்க, நெஜமா நம்பினாங்க. எனக்கு அது வரல. உங்கிட்ட நடிச்சேன். தப்புதான்."

"அப்பவே சொல்லியிருக்கணும்ல!" வாலு இரண்டு கைகளாலும் அவன் மார்பில் மாறி மாறிக் குத்தினாள். அவன் வாங்கிக்கொண்டான். குத்து ஓய்ந்தபோது அழுகை வந்தது.

"நான் இனிமே சொல்லணுமா, வேணாமா?"

"உனக்குப் பிடிச்சா சொல்லு. வேணாம்னு தோணுற அன்னிக்கு நிறுத்திக்கோ, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பேன். ஆனா வாயை அசைக்க மாட்டேன்."

"கண்ணு?"

"திறந்துதான் இருக்கும். உன்னைப் பாத்துட்டு."

வாலு யோசித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குச் சொல்லுவேன்" என்றாள். முன்கடைக்குப் போய்ப் புதுப் பிரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

அவன் எழுந்தான். "இப்பச் சந்தோஷமா உங்களுக்கு?"

"இல்ல. கோவமா இருக்கேன்."

"யார் மேல?"

"என் அப்பா மேல. ‘எனக்குத் தெரியல’ன்னு ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்தா, நான் வீட்டை விட்டே வந்திருக்க மாட்டேன். உங்க மேல... இதைச் சொல்ல இவ்வளவு நாளான்னு. அப்புறம் எம்மேல." கோட்டின் நுனியைப் பிடித்துக் கசக்கினாள். "வாராவாரம் எதுக்குடி இந்தக் கோட்டுக்கு இத்தனை இஸ்திரின்னு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு. அவ பிரார்த்தனை சொல்றப்போ நானும் வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன், எனக்கு இடம் இருந்தா. போதுமா?"

ஈரச் செருப்பின் சத்தம் நெருங்கி வந்தது.

"ஏங்க..." அவன் குரல் மிக அருகில் கேட்டது. "இதைக் கண்ணை மூடிக்கிட்டா சொல்லுவாங்க?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது... இறுக மூடியிருந்தாள்.

திறந்தாள். ஈர இமைகளோடு அவன் கண்கள் எதிரிலேயே இருந்தன. கோபம் அப்படியே இருந்தது, பயமும் கூடவே இருந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள், ஒரு எழுத்து விடாமல்.