பந்திக் கேள்வி

வடிவு இலை விரித்து, தண்ணீர் தெளித்து, எந்திரத்துக்குச் சோறு போட்டாள். முதல் கவளம் பருப்பு, இரண்டாவது மீன்குழம்பு, மூன்றாவது தேங்காய்ப்பால். எந்திரம் மூன்றையும் பதவிசாக எடுத்து, மார்புக்குக் கீழே இருந்த பையில் போட்டுக்கொண்டது. "கடல் அமைதியாக இருந்தது. சோறு நன்றாக இருக்கிறது. உங்கள் துறை செழிக்கட்டும்" என்றது. "கப்பல் சுகமாத் திரும்பட்டும்" என்றாள் வடிவு. அவ்வளவுதான், விருந்து முடிந்தது. வெளியே போன எந்திரம் கரையில் நின்று பையைக் கவிழ்த்தது. நண்டுகள் வரிசை கட்டி வந்தன. ஓதத்தீவுகளின் நண்டுகள் அப்படிக் கொழுத்துக் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஓதத்தீவுகளின் வானத்தில் இரண்டு நிலாக்கள். நாளுக்கு எட்டு முறை கடல் ஏறி இறங்கும். அங்குள்ள அலையாத்திக் காடுகளில் ஒரு கிராம்பு விளைகிறது. இரண்டு நிலாக்களின் ஓதமும் ஒரே நாளில் வேரை நனைத்தால் அதன் மொட்டு நீலமாகிவிடும். ஒரு மொட்டைக் கப்பல் அறையில் போட்டு வைத்தால் வருடம் முழுக்க மணக்கும். அதற்காகத்தான் எங்கெங்கோ இருக்கும் உலகங்களிலிருந்து கப்பல்கள் வந்தன.

ஆனால் காசை நீட்டியதும் கிராம்பைக் கொடுத்துவிட மாட்டார்கள் தீவுக்காரர்கள். முதலில் பந்தி. வந்தவரும் துறைமுகத்தின் சார்பில் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே சட்டியில் எடுத்துச் சாப்பிட்டுப் பேச வேண்டும். கை கழுவும் முன் சாட்சி இருவரையும் ஒரு கேள்வி கேட்கும்: எதிரில் இருந்தவர் என்ன சொன்னார்? பதில் தெரியாவிட்டால் பந்தி செல்லாது. காது கொடுத்துக் கேட்காதவரோடு வியாபாரம் எதற்கு என்பது முதல் குடியேறிகளின் கட்சி. நியாயமான கட்சிதான்.

பிறகு கப்பல்கள் ஆளில்லாமல் ஓட ஆரம்பித்தன. ஆளுக்குப் பதில் தூதுப்பொறிகள் வந்தன. எல்லாம் அதே மூன்று வாக்கியம். சாட்சியும் ஒரு எந்திரத் தூண்தான், மூலையில் நிற்கும். அது கேட்கும், பொறி ஒப்பிக்கும், வடிவு ஒப்பிப்பாள். பதினாலு வருடமாகப் பந்திக்காரி அவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொறியிடம், "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று ஆசையாகக் கேட்டுப் பார்த்தாள். "கடல் அமைதியாக இருந்தது" என்றது அது. அதோடு விட்டுவிட்டாள்.

பந்தித் தீவில் அவளைத் தவிர மனித வாடை கிடையாது. கணவர் போய் ஒன்பது வருடம். மற்ற தீவுகளில் ஜனங்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. எல்லோர் கண்ணிலும் ஊர்க்கண் என்ற மெல்லிய வில்லை உண்டு. ஒருவர் அதைத் திறந்தால் அவர் பார்ப்பதை ஊரே பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இரண்டு வார்த்தை எழுதலாம். அந்த எழுத்து அவர் கண்ணோரத்தில் ஓடும். வடிவும் நண்டு, இலை, பொறி என்று காட்டித்தான் பார்த்தாள். மூன்று பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி தங்கச்சி. அவளும் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டாள். எதிரில் ஒரு மனுஷர் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச மாட்டாரா என்று வடிவு ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. சில நாள் சட்டியிடம் பேசினாள்.

ஒருநாள் துறைத்தலைவர் குணநாயகம் தன் தீவிலிருந்து கூப்பிட்டார். ஆறு வருடமாக அவர் குரலாக மட்டுமே இருந்தார்.

"வடிவு, நாளைக்கு வர்ற கப்பல்ல ஆள் இருக்காராம்."

"என்ன ஆளுங்க?"

"ஆள்னா ஆள்தான். பிலவேந்திரன்னு பேரு. கப்பலுக்குக் காவலாப் போட்டிருக்காங்க. தானே பந்திக்கு உக்காருவேன்னு சொல்லிட்டாராம். பார்த்துக்க."

அன்று முழுக்க வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரிடம் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கினாள். ஊர், பிள்ளைகுட்டி, பிடித்த பாட்டு. அவர் தன்னைக் கேட்டால் என்ன சொல்வது என்றும் அடுக்கினாள். வடக்குப் பாறை மீனாகப் பார்த்து எடுத்தாள். பெட்டியின் அடியிலிருந்து நல்ல சேலையை உருவினாள்.

மறுநாள் முற்பகல் அவர் வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பத்தைந்து இருக்கும், நாலு நாள் தாடி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாங்களா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் வடிவு ஓடிப்போய் இலையை விரித்தாள்.

இதை நாலு பேர் பார்க்கட்டுமே என்று தோன்றியது. ஊர்க்கண்ணைத் திறந்துவிட்டாள். தப்பில்லை. பந்திப் பேச்சு இருவருக்கு மட்டுமே சொந்தம், ஒலி வெளியே போகாது என்றுதான் சட்டம். படத்தைப் பற்றிச் சட்டம் மூச்சு விடவில்லை; அதை எழுதிய காலத்தில் கண்ணுக்குள் வில்லை வரும் என்று யார் கண்டார்கள்.

"இது வடக்குப் பாறை மீனுங்க. முள் பார்த்துச் சாப்பிடுங்க."

"நாலு வருசம் ஆச்சும்மா, எதிர்ல ஒரு ஆளை வச்சுச் சாப்பிட்டு" என்றார் அவர்.

"அப்படிங்களா" என்றாள் வடிவு. கண்ணோரத்தில் நூற்றிருபது பேர் என்று காட்டியது. நூற்றிருபதா என்று வியப்பதற்குள் எண்ணூறு ஆனது. எழுத்துகள் ஓடத் தொடங்கின. நிஜ ஆளா அக்கா? இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. வெளிச்சம் முகத்தில் படவில்லையே.

வடிவு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இப்போது சன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் நன்றாக விழுந்தது. அவர் தன் மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படிங்களா" என்றாள். மூவாயிரம். ஒன்பது வருடமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். தங்கச்சியும் வந்திருந்தாள். அக்கா, அது எந்தச் சேலை? வடிவு குனிந்து சேலையைப் பார்த்தாள், அதாவது காட்டினாள். "...அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பவே மனசு வரலைங்க..." என்றது எதிர்க்குரல். "அப்படிங்களா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" ஒன்பதாயிரம். அவளுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பிலவேந்திரனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தி, மெதுவாக, இடையில் ஒருமுறை நிறுத்தி, அவளிடம் ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்து எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தொட்டது. கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். வடிவு வாய் நிறையச் சிரித்துத் தலையை ஆட்டினாள். "சரிங்க."

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நாற்பதாயிரம் பேரும் பார்த்தார்கள்.

சாட்சித்தூண் பேசியது. "விருந்தினரே, எதிரில் இருந்தவர் என்ன சொன்னார்?"

"வடக்குப் பாறை மீன்னாங்க, முள் பார்க்கச் சொன்னாங்க. இன்னும் சோறு வைக்கவான்னாங்க. அப்படிங்களான்னு நிறையத் தடவை சொன்னாங்க" என்று சிரித்தார் அவர். "கடைசியில நான் ஒண்ணு கேட்டேன். சரின்னாங்க."

"பந்திக்காரியே, எதிரில் இருந்தவர் என்ன சொன்னார்?"

வடிவு பழக்க தோஷத்தில் கடகடவென்று ஆரம்பித்தாள். "கடல் அமைதியா இருந்துதுன்னார்."

"சொல்லவில்லை."

"சோறு நல்லா இருக்குன்னார்."

"சொல்லவில்லை."

"அவர் பொண்ணு... பொண்ணைப் பத்தி..." என்று இழுத்தாள். பெண்ணுக்கு என்ன ஆயிற்று, இருக்கிறாளா இல்லையா, அதுகூடத் தெரியவில்லை.

"அவர் உங்களிடம் கேட்டது என்ன?"

பிலவேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கேட்டேன்னு தெரியாமத்தான் சரின்னீங்களா?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவை சொல்லுங்க. இப்பக் கேக்குறேன். சத்தியமாக் கேக்குறேன்."

"ஒரு தடவை கேக்குறதுக்கே வழியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வந்தேம்மா. ரெண்டாவது தடவைக்குத் தைரியம் இல்லை." கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கப்பலுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஓதத்தில் அந்தக் கப்பலின் தூதுப்பொறி வந்து உட்கார்ந்தது. மூன்று கவளம், மூன்று வாக்கியம். இருவரும் ஒப்பித்தார்கள். பந்தி செல்லும் என்றது சாட்சி. கிராம்பு மூட்டைகள் ஏறின. "நல்லவேளை, மெஷின் இருந்துது, வியாபாரம் கெடல" என்றார் குணநாயகம். சாயங்காலம் கப்பல் போய்விட்டது.

வடிவு இலைகூட எடுக்காமல் உட்கார்ந்து ஊர்க்கண் பதிந்து வைத்திருந்த படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். அருமையான படம். ஒவ்வொரு தாடி மயிரும் தெரிந்தது. உதடுகள் அசைந்தன, ஒலி இல்லாததால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பேச்சின் நடுவே அவர் இடது புறங்கையால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டதை அப்போதுதான் பார்த்தாள்.

அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. ஊர்க்கண்ணில் ஒருவராவது "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், கேட்டவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தாள். எழுத்துகள் வந்துகொண்டேதான் இருந்தன. மீனை எப்படி வெட்டினீர்கள், சேலை எங்கே வாங்கினீர்கள், அடுத்த ஆள் எப்போது வருவார். கடைசியில் ஒருவர் எழுதினார்: "கண்ணைத் துடைக்கிறாரே பாவம், காரம் கூடிவிட்டதோ?"

வெளியூர் வயிறு தாங்காது என்று அன்று குழம்பில் அவள் மிளகாயைக் காட்டக்கூட இல்லை. வடிவு அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு, "ஆமாம், காரம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று எழுதினாள்.

அதற்கு மட்டும் இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள்.